செம்பும் ஈயமும் சந்திக்கும் இடம்

1761ஆம் வருடக் கடைசியில் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற 32 பீரங்கிப் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுக்கச் செம்புத் தகடு அடித்தது. காரணம் கப்பல் புழு. பேர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்து உள்ளேயே குடித்தனம் நடத்தும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை நன்றாக இருக்கும், உள்ளே சல்லடை. இது போதாதென்று பாசியும் கொட்டலசும் அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். செம்பு இருந்தால் இரண்டும் அண்டாது என்று நம்பினார்கள். நம்பிக்கை சரிதான்.

மேற்கிந்தியத் தீவுக் கடல்களில் சுற்றிய அலாரத்தை 1763இல் ஆராய்ந்தபோது புழுவின் சேட்டை இல்லை, பாசியும் பெரிதாக இல்லை. ஆனால் பல இடங்களில் தகடு கழன்று போயிருந்தது. தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் துருப்பிடித்துக் கூழாகியிருந்தன. கடலில் இரும்பு துருப்பிடிப்பது அதிசயம் இல்லை, ஆனால் இரண்டே வருடத்தில் இப்படி ஆகாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. சில ஆணிகள் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. ஏன் என்று பார்த்தால், தகடுகள் கப்பல் பட்டறைக்கு வந்தபோது பழுப்புக் காகிதம் சுற்றி வந்திருந்தன. தகட்டை அடித்தவர்கள் சில இடங்களில் அந்தக் காகிதத்தைப் பிரிக்காமலேயே அடித்துவிட்டார்கள். செம்புக்கும் இரும்புக்கும் நடுவே காகிதம் மாட்டிய இடங்களில் ஆணி பிழைத்தது.

யாரோ ஒரு தொழிலாளி அவசரத்தில் விட்ட காகிதம்தான், தெரிந்தவரை, இந்த விஷயத்தில் நடந்த முதல் ஒழுங்கான பரிசோதனை. ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே காலம், ஒரே ஒரு வித்தியாசம். சாஃப்ட்வேரில் இதற்காக நாங்கள் தனியாக உட்கார்ந்து திட்டம் போடுவோம். அறிக்கை எழுதியவர்கள் தெளிவாகவே எழுதினார்கள்: கடல் நீருக்கு அடியில் இரும்பு செம்பை நேரடியாகத் தொடக் கூடாது.

ஏன் தொடக் கூடாது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. மின்சாரம் என்றால் கண்ணாடிக் குழாயைத் துணியால் தேய்த்து முடியைச் சிலிர்க்க வைக்கிற விளையாட்டு என்ற அளவில்தான் இருந்தது. காரணம் தெரியாத விதியைக் கடைப்பிடிப்பது கஷ்டம். 1779லிருந்து, அமெரிக்கச் சுதந்திரப் போரின் நெருக்கடியில், சார்லஸ் மிடில்டன் என்ற கடற்படை அதிகாரி மொத்தக் கப்பற்படைக்கும் அவசர அவசரமாகச் செம்பு அடிக்க வைத்தார். கப்பலின் சட்டகத்தைப் பிணைத்த பெரிய போல்ட்டுகளெல்லாம் இரும்புதான். அவற்றுக்கும் செம்புக்கும் நடுவில் தாரும் கனத்த காகிதமும் வைத்தால் போதும் என்று சமாதானம் செய்துகொண்டார்கள். போதவில்லை. காகிதம் ஊறும், தண்ணீர் கசியும், போல்ட்டு உள்ளே கரையும், வெளியே செம்பு பளபளவென்று இருக்கும். 1783க்குப் பிறகுதான் புதிய கப்பல்களில் செம்புக் கலவையில் செய்த போல்ட்டுகளுக்கு மாறினார்கள். தெரிந்த ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவர இருபது வருடம்.

காரணம் இத்தாலியில், ஒரு தவளைக் கால் வழியாக வந்தது. பொலோஞ்யாவில் உடற்கூறு பேராசிரியராக இருந்த லூயிஜி கால்வானி, செத்த தவளையின் கால்களைப் பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியில் தொங்கவிட்டார். கால் துடித்தது. விலங்கின் உடம்புக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று அவர் 1791இல் எழுதினார். அலெசாண்ட்ரோ வோல்டா ஒத்துக்கொள்ளவில்லை. தவளை வெறும் ஈரச் சதை, விஷயம் அந்த இரண்டு உலோகங்களில் இருக்கிறது என்றார். 1800இல் தவளையைத் தூக்கிவிட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையை நடுவில் வைத்து, இரண்டு வெவ்வேறு உலோகத் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினார். உலகின் முதல் பேட்டரி.

பேட்டரி என்றால் நமக்கு நல்ல சாமான், துரு என்றால் கெட்ட சாமான். இரண்டும் ஒரே சம்பவம்தான். இதற்கு மூன்று பொருள் வேண்டும்: வெவ்வேறு குணமுள்ள இரண்டு உலோகம், அவை ஒன்றையொன்று தொடும் ஒரு இடம், இரண்டையும் நனைக்கும் தண்ணீர். ஒவ்வொரு உலோகத்துக்கும் எலக்ட்ரானை விடுவதில் ஒரு தாராளம் உண்டு. மெக்னீசியம் அள்ளி விடும், துத்தநாகம் கொஞ்சம் குறைவு, அப்புறம் இரும்பு, அப்புறம் ஈயம். செம்பு சரியான கஞ்சம். தாராளமானதும் கஞ்சமும் தொட்டுக்கொண்டு நனைந்தால், தாராளமானது எலக்ட்ரானைக் கொடுத்துக் கொடுத்துத் தானே கரைந்து தண்ணீருக்குள் போகும். கஞ்சம் நோகாமல் இருக்கும். அளவும் முக்கியம். பெரிய செம்புப் பரப்பில் சின்ன இரும்பு ஆணி என்றால் மொத்தச் செம்பின் பசிக்கும் அந்த ஒரு ஆணி தீனி போட வேண்டும். அலாரத்தின் ஆணிகளுக்கு நடந்தது இதுதான். கஞ்சமான உலோகங்களுக்கு வேதியியல் கொடுத்திருக்கும் பெயர், உயர்குல உலோகம். யார் வைத்த பெயரோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை முதலில் புரிந்துகொண்டு உபயோகப்படுத்தியவர் ஹம்ஃப்ரி டேவி. இப்போது கடற்படையின் பிரச்சினை வேறு: கடல் நீரில் செம்பே மெல்ல மெல்லக் கரைகிறது, தகடு மாற்றிக் கட்டுப்படியாகவில்லை. டேவி 1824இல் சொன்ன தீர்வு அழகானது. செம்பைக் காப்பாற்ற வேண்டுமா, அதைவிடத் தாராளமான ஒரு உலோகத்தைப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சின்ன இரும்புத் துண்டோ துத்தநாகத் துண்டோ போதும், அது கரையும், செம்பு தப்பிக்கும். அறுபது வருடத்துக்கு முன் விபத்தாக இருந்ததை இவர் மருந்தாக மாற்றினார். நம் வீட்டு கீசருக்குள் கம்பி மாதிரி நிற்கும் மெக்னீசியம் ஆனோடு டேவியின் நேரடி வாரிசு. தொட்டியின் எஃகுக்குப் பதிலாக அது கரைகிறது. அது தீர்ந்ததும் தொட்டியின் முறை வரும். சர்வீஸுக்கு வருகிறவரிடம் "ஆனோடைப் பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

டேவியின் மருந்து கப்பலில் வேலை செய்தது. செம்பு கரையவே இல்லை. கொச்சியில் தேக்கில் கட்டிய 'சமராங்' உட்படச் சில கப்பல்களில் பொருத்திப் பார்த்தார்கள். செம்பு புத்தம் புதிதாக இருந்தது, ஆனால் அதன்மேல் பாசியும் கொட்டலசும் மண்டிக் கிடந்தன. உயிரினங்களை விரட்டிக்கொண்டிருந்ததே கரைந்துகொண்டிருந்த செம்புதான். கரைவதை நிறுத்தியதும் செம்பு அவற்றுக்கு இன்னொரு பாறை, அவ்வளவே. 1825இல் பாதுகாப்புத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். டேவிக்குப் பெரிய அவமானம். ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர், நான்கு வருடத்தில் உடல் கெட்டு ஜெனீவாவில் இறந்தார். இன்று கடலுக்கு அடியில் போகும் எண்ணெய்க் குழாய், துறைமுகத் தூண், எஃகுக் கப்பல் எல்லாம் நிற்பது அவர் கொள்கையில். மண்டபத்தில் கடலோர அரிமான ஆய்வு நிலையம் வைத்து இதே வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் நிறுவனம் நம்மிடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து காரைக்குடியில் வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கடலை விட்டு வீட்டுக்குள் வருவோம்.

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் தண்ணீர்க் குழாயின் வரலாறு ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்தது. தெருவின் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் லைன், பல நகரங்களில் ஈயம். வீட்டுக்குள் துத்தநாகம் பூசிய இரும்பு, நாம் ஜி.ஐ. என்று சொல்வது. 1930களுக்குப் பிறகு, அதிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின், செம்பு. குழாய் முனைகளிலும் வால்விலும் பித்தளை. எவரும் வீட்டை இடித்துவிட்டு மொத்தமாக மாற்றுவதில்லை. ஒழுகிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு அந்தக் காலத்தில் கிடைப்பதைப் பொருத்துவார்கள். ஆகவே எந்தப் பழைய வீட்டுச் சுவருக்குள்ளும் செம்பு வேறு எதையோ தொட்டுக்கொண்டு நனைந்துகொண்டிருக்கும். பழைய கோட் பேஸில் வேலை செய்தவர்களுக்கு இந்த உணர்வு தெரியும்.

ப்ளம்பர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். செம்புக்கும் ஜி.ஐ.க்கும் நடுவில் டைஎலக்ட்ரிக் யூனியன் என்று ஒன்றைப் போடுவார்கள். யூனியனின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று தொடாதபடி ரப்பர் வாஷரும் பிளாஸ்டிக் உறையும் வைத்தது. அலாரத்தின் பழுப்புக் காகிதம்தான். அல்லது நீளமான பித்தளை நிப்பிள் ஒன்றை நடுவில் போட்டுத் தூரத்தைக் கூட்டுவார்கள். இன்னொரு விதி கொஞ்சம் நுட்பமானது: தண்ணீர் போகும் திசையில் முதலில் ஜி.ஐ., பிறகு செம்பு. மாற்றிப் போட்டால், செம்பிலிருந்து துளித்துளியாகக் கரையும் அணுக்கள் தண்ணீரோடு போய் ஜி.ஐ. குழாயின் உள்சுவரில் படியும். படிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன பேட்டரி. இரண்டு குழாயும் தொடவே வேண்டாம், தண்ணீரே தூது போய்க் கெடுத்துவிடும்.

என் அம்மா வீட்டு மொட்டை மாடியில் பழைய மாடல் சோலார் ஹீட்டர் இருக்கிறது. பேனலுக்குள் செம்புக் குழாய், வெளியே ஜி.ஐ. லைன். மாட்டிவிட்டுப் போன கம்பெனி இரண்டையும் நேராக முறுக்கி, நூலும் வெள்ளையும் சுற்றிவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது வருடம் சரியாக அந்த ஜாயின்ட்டில், ஜி.ஐ. பக்கம் மட்டும், மரை கரைந்து ஒழுகியது. சரி பண்ண வந்த ப்ளம்பர் அறுபதை ஒட்டிய மனிதர். கழற்றிப் பார்த்ததும், "ரெண்டுக்கும் ஒத்துக்காது சார். நடுவுல ஒரு சாண் பிளாஸ்டிக் குடுத்துருவோம், ரெண்டும் மூஞ்சியப் பாத்துக்காம இருக்கும்" என்றார். சி.பி.வி.சி. துண்டு ஒன்று, இரண்டு பக்கமும் பித்தளை மரை வைத்த அடாப்டர். எட்டு வருடமாக ஒழுகவில்லை. கால்வானி, வோல்டா எல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை.

இதுவரை சொன்னதிலெல்லாம் கரைவது இரும்பு. இரும்பு கரைந்தால் தண்ணீர் பழுப்பாகும், கப்பல் ஒழுகும், நமக்குப் பணச் செலவு. கரைகிற உலோகம் ஈயமாக இருந்தால்?

ஒரு சொல் விளக்கம் சொல்லிவிடுகிறேன், தமிழில் இது எப்போதும் குழப்பும். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். நான் இங்கே சொல்வது காரீயம். பென்சில்காரர்கள் கெடுத்து வைத்திருக்கும் பெயர், ஆனால் பென்சிலில் அது இல்லை. லத்தீனில் இதன் பெயர் ப்ளம்பம். ப்ளம்பர் என்றாலே ஈய வேலை செய்கிறவர். வளைக்கச் சுலபம், மண்ணுக்குள் நூறு வருடம் தாங்கும். சிகாகோ நகரம் 1986இல் நாட்டளவில் தடை வரும் வரை ஈய சர்வீஸ் லைன் போட வேண்டும் என்றே சட்டம் வைத்திருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

ஈயக் குழாயில் வரும் எல்லாத் தண்ணீரும் விஷம் ஆகிவிடுவதில்லை. குழாயின் உள்ளே காலப்போக்கில் ஒரு படிவு உருவாகித் தண்ணீருக்கும் ஈயத்துக்கும் நடுவே திரை மாதிரி நிற்கும். வாஷிங்டன் நகரத்தில் அந்தத் திரை ஈய டை ஆக்சைடு. தண்ணீரில் குளோரின் தாராளமாக இருக்கும்வரை அது கெட்டியாக நிற்கும். 2000 நவம்பரில், குளோரினால் உண்டாகும் புற்றுநோய் அபாயமுள்ள துணைப் பொருட்களைக் குறைப்பதற்காக, நகரத்துக்குத் தண்ணீர் தரும் ராணுவப் பொறியாளர் படை குளோரினிலிருந்து குளோராமினுக்கு மாறியது. நல்ல நோக்கம், விதிப்படி எடுத்த முடிவு. குளோராமின் குளோரின் அளவுக்கு வீரியமில்லாதது. திரை கரைய ஆரம்பித்தது. அப்போதைய அமெரிக்க விதிப்படி லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் நகரம் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. 2003இல் சோதித்த ஆறாயிரம் சொச்சம் வீடுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை தாண்டியிருந்தன. சில வீடுகளில் 300ஐயும் தாண்டியது. 2004 ஜனவரி கடைசியில் 'வாஷிங்டன் போஸ்ட்' முதல் பக்கத்தில் வெளியிட்ட பிறகுதான் பெரும்பாலான ஜனங்களுக்குத் தெரிந்தது.

தண்ணீர் வாரியம் உடனே குழாய் மாற்றக் கிளம்பியது. இங்கேதான் எனக்கு இந்தக் கதை வேதியியலை விட்டு வெளியே வருகிறது.

ஒரு சர்வீஸ் லைன் தெருவில் தொடங்கி வீட்டில் முடியும். நடுவில் எங்கோ ஒரு எல்லைக் கோடு: இந்தப் பக்கம் நகரத்தின் சொத்து, அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் சொத்து. 1991இல் வந்த ஈய செம்பு விதி, தண்ணீர் நிறுவனம் தன் 'கட்டுப்பாட்டில்' இருக்கும் பகுதியை மாற்ற வேண்டும் என்றது. கட்டுப்பாடு என்பதற்கு அகலமான பொருள் கொடுத்திருந்தது. தண்ணீர் நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. அந்த வரையறைக்கு முறையாக முன்னறிவிப்புக் கொடுத்துக் கருத்துக் கேட்கவில்லை என்று 1994இல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2000இல் திருத்திய விதியில் கட்டுப்பாடு என்பது சொத்துரிமை என்று சுருங்கியது. உனக்குச் சொந்தமானதை மட்டும் மாற்று, மிச்சத்தை மாற்ற வீட்டுக்காரருக்கு வாய்ப்புக் கொடு, செலவை நீ ஏற்க வேண்டாம். சொத்துரிமைச் சட்டத்தின் கண்ணில் இதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் களத்தில் என்ன நடக்கும்? தெருப் பக்கத்து ஈயக் குழாயை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் குழாய் போடுவார்கள். வீட்டுப் பக்கம் பழைய ஈயம் அப்படியே இருக்கும். எல்லைக் கோட்டில் செம்பையும் ஈயத்தையும் பித்தளை இணைப்பு ஒன்றால் சேர்த்து முறுக்கி, மண்ணை மூடிவிட்டுப் போவார்கள். வரைபடத்தில் இருந்த சட்டக் கோடு, மண்ணுக்கு அடியில் ஒரு வோல்டா அடுக்கு ஆயிற்று.

கெடுதல் இரண்டு விதம். முதலாவது உடனே வருவது. ரம்பம் போட்டு வெட்டும்போது பழைய படிவு உதிர்ந்து, ஈயத் துகளாகத் தண்ணீரில் கலக்கும். சில நாளோ சில வாரமோ இருந்துவிட்டுப் போகும். இரண்டாவது சத்தமில்லாதது. இணைப்பை ஒட்டிய சில அங்குலத்தில் ஈயம் எலக்ட்ரானைச் செம்புக்குக் கொடுத்துக் கரையும். கரைந்த ஈயம் பக்கத்துத் தண்ணீரை அமிலமாக்கும். தண்ணீரில் உள்ள குளோரைடு அங்கே இழுபட்டுச் சேரும். அமிலமும் குளோரைடும் கூடிய இடத்தில் பழைய பாதுகாப்புத் திரை உருவாக முடியாது. தண்ணீரில் சல்பேட் அதிகம் இருந்தால் ஈய சல்பேட் படிந்து கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். குளோரைடு கை ஓங்கினால் அதுவும் இல்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு ஆய்வகத்தில் இதைக் கட்டிப் பார்த்தது. முழு ஈயக் குழாயை விட, பாதி செம்பு பாதி ஈயமாக இணைத்த குழாயிலிருந்து அதிக ஈயம் வந்தது. ஈயம் பாதியாகிவிட்டது, ஆனால் தண்ணீரில் கலக்கும் ஈயம் கூடிவிட்டது. எல்லாப் பொறியாளர்களும் இதை ஏற்கவில்லை. இந்த விளைவு இணைப்பின் பக்கத்தோடு நின்றுவிடும், காலப்போக்கில் அடங்கும் என்று சிலர் வாதிட்டார்கள், அவர்களிடமும் அளவீடுகள் இருந்தன. தண்ணீருக்குத் தண்ணீர் வேறுபடும் விஷயம் என்பதால் இரண்டு பக்கமும் உண்மை கொஞ்சம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் குழாய்க்குள் நடக்கும் விவாதத்தைக் குழந்தையின் ரத்தத்தில் சோதிக்க முடியும்.

அதில்தான் இன்னும் பெரிய கோளாறு. நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2004 வசந்தத்தில் ஓர் அவசர அறிக்கை விட்டது. 300ஐத் தாண்டிய வீடுகளில் இருந்த 201 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் ஒருவருக்கும் கவலைப்படும் அளவு இல்லை என்றது. அந்த வீட்டுக்காரர்களில் பலர் விஷயம் தெரிந்து அதற்கு முன்பே பாட்டில் தண்ணீருக்கு மாறியிருந்தார்கள். குடிக்காத தண்ணீர் ரத்தத்தில் தெரியாது, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் அந்த ஒரு வரி அறிக்கையிலிருந்து கிளம்பி, தண்ணீரில் இத்தனை இருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற சான்றாக வெவ்வேறு ஊர்களில் சுற்றியது. எட்வர்ட்ஸ் தன் கைப்பணத்தைப் போட்டு வருடக்கணக்கில் இதன் பின்னால் அலைந்தார். 2009இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு, வாஷிங்டனின் சின்னக் குழந்தைகளின் ரத்தத்தில் அந்த வருடங்களில் ஈயம் ஏறியிருந்ததைக் காட்டியது. 2010இல் அமெரிக்கக் காங்கிரஸின் துணைக் குழு விசாரித்து சி.டி.சி.யைக் கடுமையாகக் கண்டித்தது. அப்புறம் சி.டி.சி.யின் ஆய்வாளர்களே வெளியிட்ட கட்டுரையில் இருந்த கணக்கு இது: குழாயைப் பாதி மாற்றிய வீடுகளின் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு, ஈயக் குழாயே இல்லாத வீட்டுக் குழந்தைகளைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். குழாயை மாற்றவே மாற்றாத வீடுகளோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அதாவது கோடிக்கணக்கான டாலர், தோண்டிய தெருக்கள், ஆயிரக்கணக்கான செம்புக் குழாய்கள், எல்லாம் சேர்ந்து குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யவில்லை. நகரத்தில் ஈயம் உண்மையில் இறங்கியதற்கு முக்கியக் காரணம், 2004 ஆகஸ்டில் தண்ணீரில் கலக்கத் தொடங்கிய ஆர்த்தோபாஸ்பேட். குழாய்க்குள் புதுத் திரை போடும் மலிவான உப்பு. தன் பக்கத்து ஈயத்தையும் மாற்ற வசதி இருந்த வீட்டுக்காரர் பணம் கட்டி முழுதாக மாற்றிக்கொண்டார், அவருக்கு நல்லது நடந்தது. வசதி இல்லாதவர் வீட்டு வாசலில் மண்ணுக்கு அடியில் பேட்டரி வைத்துவிட்டுப் போனார்கள், அதற்குக் குழாய் மாற்றியாயிற்று என்று பெயர்.

எனக்கு இதில் வில்லன் யாரென்று தேடிப் பார்த்தால் கிடைப்பதில்லை, சி.டி.சி. விவகாரத்தைத் தவிர. குளோராமினுக்கு மாறியவர்கள் புற்றுநோயைக் குறைக்கப் பார்த்தார்கள். நீதிமன்றம் நடைமுறையைப் பார்த்தது. வாரியம் தன் சொத்தை மாற்றியது. ஒவ்வொருவரும் அவரவர் எல்லைக்குள் சரி. எங்கள் தொழிலில் இரண்டு டீம்களின் சாஃப்ட்வேர் பேசிக்கொள்ளும் இடத்தில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இவர்கள் டெஸ்ட் பாஸ், அவர்கள் டெஸ்ட் பாஸ், நடுவில் வாடிக்கையாளரின் பணம் காணாமல் போகும். ஆனால் சாஃப்ட்வேரில் ரோல்பேக் என்று ஒன்று உண்டு. குழந்தையின் மூளைக்குப் போன ஈயத்துக்கு அது கிடையாது.

1763இலேயே எழுதி வைத்த விஷயத்தை எப்படி மறந்தார்கள் என்று கேட்கலாம். மறக்கவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, 1886இல் நியூயார்க்கில் நின்ற சுதந்திர தேவி சிலை செம்புத் தோலும் இரும்பு எலும்பும் கொண்டது. ஐஃபல் ஆட்களுக்கு ஆபத்து தெரிந்திருந்தது. அரக்கில் தோய்த்த ஆஸ்பெஸ்டாஸை நடுவில் வைத்தார்கள். அது காலப்போக்கில் உதிர்ந்தது, உப்புக் காற்று நுழைந்தது, இரும்பு துருப்பிடித்து ஊதி செம்பின் ரிவிட்டுகளைப் பிடுங்கியது. 1986 நூற்றாண்டு விழாவுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைத்து, நடுவில் டெஃப்லான் கொடுத்தார்கள். ப்ளம்பர் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பும் அதே பொருள்தான். அதே வருடம்தான் காங்கிரஸ் புதிய ஈயக் குழாய்களைத் தடை செய்தது. சிலைக்கு ஒரே சொந்தக்காரர், அதனால் தோலையும் எலும்பையும் ஒரே ஆள் சேர்த்துப் பார்க்க முடிந்தது. சர்வீஸ் லைனுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்.

2024 அக்டோபரில் வெளிவந்த புதிய அமெரிக்க விதி, பெரும்பாலான ஊர்களில் ஈய சர்வீஸ் லைன்களைப் பத்து வருடத்துக்குள் முழுதாக மாற்றச் சொல்கிறது. நெருக்கடி வேலை மாதிரிச் சில சந்தர்ப்பங்கள் தவிர, பாதி மாற்றுவது கூடாது என்கிறது. எல்லைக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் தோண்டுவதற்கு மட்டும் இன்னும் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். அதற்காக நிறுவனம் குறைந்தது நான்கு முறையாவது அவரை அணுக வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது: கடிதம், போன், கதவைத் தட்டுவது, ஏதோ ஒன்று. அந்தக் கையெழுத்தை வீட்டுக்குச் சொந்தக்காரர்தான் போட வேண்டும். தண்ணீரைக் குடிக்கிறவர் வாடகைக்கு இருக்கிறார், சொந்தக்காரர் வேறு ஊரில் இருக்கிறார்.